கொழுந்துக்குத் தராசு உண்டு, கொய்பவளின் உடம்புக்கு?

பெரகலச் சந்தியை அறியாதார் ஊவாவில் இரார். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெரு இங்கே ஒரு கிளை விடுகின்றது. அக்கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் ஏறுகின்றது. பெருந்தெருவோ கொஸ்லாந்தை கடந்து வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. சந்திக்கு மேலும் தேயிலை, கீழும் தேயிலை. அத்தேயிலை நிரையிலே விடிந்தது முதல் நிற்கும் பெண்ணின் கொழுந்தை நாள்தோறும் தராசு நிறுக்கின்றது. கிலோக் கணக்குக் குறைந்தால் அவளுடைய ‘பேர்’ அரைப் பேராகின்றது. ஒரு கிலோவையும் தவறவிடாத அந்தக் கணக்கேட்டில், அவள் உடம்பில் குறைந்துவரும் இரத்தத்துக்கு மாத்திரம் ஒரு பத்தி இல்லை!

யாழ்ப்பாணத்து வழக்கறிஞருக்கும், மட்டக்களப்பு ஆசிரியருக்கும், வன்னி உழவருக்கும் இதில் என்ன வழக்கு என்று கேட்பீர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் மலையை விட்டு ஓடிவந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மக்கள் யார்? உழவரே! உமது வயலில் களை பிடுங்குபவள் பெரகலைப் பெண்ணின் தங்கை. அவளுடைய வழக்கு உமது வழக்கே.

வழக்கின் வேர் சட்டத்தில் இருக்கின்றது. 1872ஆம் ஆண்டிலும் பின்னர் 1912ஆம் ஆண்டிலும் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென வெள்ளையராட்சி கட்டளைச் சட்டங்கள் இயற்றியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தில் நோயுற்றோரைக் கவனிக்கும் பொறுப்பைத் துரையின் தலையில் வைத்தது. பிள்ளை பெற்ற தொழிலாளப் பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது. நல்ல விதிதான். ஆனால் ஊன்றிப் படியுங்கள்: பெண் என்பவளை அச்சட்டம் பெயர் சொல்லி அழைப்பது அவள் பிள்ளை பெறும்போதே. ஏன்? பிறக்கும் பிள்ளை நாளைய கூலி; பெற்றவள் மறுமாதத்துக் கூலி. அச்சட்டம் கண்டது மனுஷியை அன்று; தோட்டத்தின் ஆள்பலத்தை!

துரை போனார், சட்டத்தின் மனம் போகவில்லை. 1948ஆம் ஆண்டில் மலைநாட்டு மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. கிராமந்தோறும் அரசாங்கத்தின் மருத்துவமாதுகள் படியேறிச் சென்ற அந்தப் பதிற்றாண்டுகளில், தோட்டம் துரைமாரின் தனி இராச்சியமாகவே விடப்பட்டது. வாக்கில்லாதவளின் வாசலுக்கு எந்த மந்திரி வருவார்? 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதேனும் தோட்ட ஆஸ்பத்திரிகள் யாவும் சுகாதார அமைச்சின் கீழ் வந்தனவா? இல்லை. 1992ஆம் ஆண்டில் நிருவாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. பின்னர் ஒரு தொகுதி ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது. வேலை முற்றுப் பெறவில்லை. குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் வந்தது. இன்று அவள் முழுப் பிரசை. நோயாளி என்ற வகையில் மட்டும் பாதிப் பிரசை. கம்பெனியைக் கேட்டால் அரசைக் காட்டுகின்றது. அரசைக் கேட்டால் தோட்டத்தைக் காட்டுகின்றது. இரண்டு விரல்களுக்கும் நடுவே அவள் நிற்கின்றாள்.

“இலங்கையின் தாய்சேய் நலம் ஆசியாவுக்கே முன்மாதிரி அல்லவா?” என்பர் ஆட்சியாளர். மறுக்கவில்லை. 1940களின் நடுப்பகுதியில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட நாட்டில், அத்தொகை இன்று நாற்பதுக்குக் கீழே இறங்கியுள்ளது. தோட்டத்துப் பெண்ணும் இன்று ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பெறுகின்றாள். இவ்வெற்றியை நாம் போற்றுகின்றோம். போற்றிவிட்டு ஒன்று கேட்கின்றோம். மனம் வைத்தபோது முடிந்தது, பிள்ளைப்பேறு கடந்த மற்றை நாட்களில் ஏன் முடியவில்லை?

அந்த மற்றை நாட்களைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டங்களிலோ நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்திரண்டு பேர். குறுகிய பிள்ளைக்குப் பின்னால் இரத்தம் குறைந்த தாய் நிற்கின்றாள் என்பது வைத்தியம் கல்லாதவருக்கும் விளங்கும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் ஏறவிடாது தடுக்கும் என்பது நெடுநாளாக அறிந்த உண்மை. தோட்டத்து லயத்தில் ரொட்டிக்குத் துணை அந்தச் சாயமே. அவள் பறித்த இலையே அவள் இரத்தத்தை மறிக்கின்றது! இதைத் தமிழில், அவள் வீட்டுப் படியில் வந்து சொல்லும் மருத்துவமாது எத்தனை தோட்டங்களில் இருக்கின்றாள்?

இனி ஆராய்ச்சியின் கதை. அந்தக் குடித்தொகை ஆய்வு வினாவியது யாரை? 15 முதல் 49 வயது வரையுள்ள, மணமான அல்லது ஒருகால் மணமாகியிருந்த பெண்களை. பிள்ளை பெறும் வயது கடந்தவளும் மணமாகாதவளும் அந்த ஏட்டுக்கு வெளியே நின்றனர். முப்பதாண்டு கூடை சுமந்த முதுகும், மேடேறித் தேய்ந்த முழங்காலும், இறங்கிய கருப்பையும் ஐம்பதுக்கு மேலேயே வாய்விட்டுப் பேசும். பேசும் வயதில் கேட்பார் இல்லை!

இது பெரகலையின் நோய் மட்டுமன்று. உலகத்து வைத்திய சாத்திரத்தின் பழைய நோய். அமெரிக்காவின் மருந்து ஆணையம் 1977ஆம் ஆண்டில், பிள்ளை பெறும் தகுதியுள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் முதற்கட்டங்களிலிருந்து விலக்குமாறு நெறி வகுத்தது. 1993ஆம் ஆண்டில்தான் அரசுப் பணத்தில் நடக்கும் சிகிச்சை ஆராய்ச்சிகளில் பெண்களைச் சேர்க்கவேண்டுமென அந்நாடு சட்டம் செய்தது. சோல்பிடெம் என்னும் தூக்க மருந்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் ஆண்டுக்கணக்காகக் கொடுத்துவிட்டு, பெண்ணின் உடம்பில் அது நெடுநேரம் தங்குவதுணர்ந்து, அவளுக்குரிய அளவைப் பாதியாகக் குறைத்தது 2013ஆம் ஆண்டில்! வாக்கும் செல்வமும் கல்வியும் படைத்த நாட்டுப் பெண்ணின் கதியே இதுவானால், லயத்துப் பெண்ணின் கதியை உரைக்கவும் வேண்டுமோ?

ஒரு விடயத்தில் மாத்திரம் அவளை எவரும் மறக்கவில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை! 1980ஆம் ஆண்டிலிருந்து அதற்கு அரசு பணமும் கொடுத்தது. நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் விகிதம் தோட்டங்களில் ஏனைய பகுதிகளைவிட மிக உயர்ந்து நின்றதை ஆய்வுகள் காட்டியுள்ளன. விளங்கி விரும்பிச் செய்துகொண்டாளாயின் அஃது அவளுடைய உரிமை. அதில் கைவைக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் எந்த மொழியில் விளக்கினர்? வேறு வழிகளும் உண்டென்று சொன்னாரா? மேலும் ஒரு கேள்வி: கருக்குழாயைக் கட்டுவதற்கு வழி கண்ட அரசுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் காணும் எளிய சோதனைக்கு அவளை அழைத்துச் செல்ல ஏன் வழி தெரியவில்லை? சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இருக்கின்றன. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அச்சோதனை இலவசம். இலவசமா? கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போயிற்று, பஸ்காசும் போயிற்று. சம்பளத்தை விலையாகக் கொடுத்துப் பெறுவதற்குப் பெயர் இலவசமாமோ?

மொழியையும் சட்டமாகவே கேட்கின்றேன். ஹல்துமுல்லை, அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரசுரமாயின. அரச கருமத்தைத் தமிழில் ஆற்றும் உரிமையை அரசியலமைப்பே தருகின்றது. ஆனால் வெள்ளைப்பாட்டையும் மாதவிலக்கையும் வேற்றுமொழியில் சொல்லத் தெரியாமல், மகனையோ கங்காணியையோ மொழிபெயர்க்க வைத்து நாணி நிற்கும் பெண்ணுக்கு வர்த்தமானி என்ன செய்தது? சொல்லக் கூசிய நோய் வளர்கின்றது. வளர்ந்தபின் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகின்றது.

குற்றத்தைப் பிறர்மேல் மட்டும் சுமத்தின் அது நேர்மையாகாது. நம் தொழிற்சங்க மேடைகளில் வீற்றிருப்போர் பெரும்பாலும் ஆண்கள். மேடைக்கு முன்னே வெயிலில் அமர்ந்து சந்தா கட்டுவோர் பெரும்பாலும் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதற்குப் பின் நடந்த பேச்சுவார்த்தைகள் சம்பளத்தையே சுற்றின. கிளினிக் நாளுக்குப் பேர் கேட்டு எத்தனை முறை மேசையைத் தட்டினோம்? கட்சிக்காரராகிய நாமும் அவளது வாக்கை எண்ணினோம்; அவளது வலியை எண்ணவில்லை.

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு. தோட்ட ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் எஞ்சாமல் அரச சுகாதார சேவையோடு, நாள் குறித்து, இணைக்கப்படல் வேண்டும். தோட்டத்துப் பெண்பிள்ளைகளையே தேர்ந்து, உதவிப்பணம் கொடுத்துப் பயிற்றி, மருத்துவமாதுகளாக அவர்தம் பகுதிக்கே அனுப்பல் வேண்டும். அதற்குத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்பு வேண்டும். சோதனைக்குச் செல்லும் நாள் முழுப் பேராகச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். ஐம்பது கடந்தவளையும் மணமாகாதவளையும் சேர்த்து மலைநாட்டுப் பெண்ணின் உடல்நலத்தை ஆராய்ந்து, முடிவைத் தமிழில் அவளிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. நாம் புதிதாக ஒன்றும் யாசிக்கவில்லை. ஒப்பமிட்ட கடனைத்தான் கேட்கின்றோம். சட்டம் கற்றோரே, மனுக்களை எழுதுங்கள். வைத்தியம் கற்றோரே, மலையேறுங்கள். உழவரே, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்நான்கையும் கேளுங்கள். நிறுக்கும் தராசு நாளையும் பெரகலையில் தொங்கும். அதன் மறுதட்டில் அவளுடைய உயிரை வைக்கும் கடமை நம்முடையது.