திருப்பிக் கொடுத்த வழக்குகள்

வழக்கறிஞரின் பெருமை, அவர் வென்ற வழக்குகளைக் கொண்டே பெரும்பாலும் அளக்கப்படுகிறது. 2024 பிப்ரவரி 21-ஆம் தேதி தில்லியில் தமது 95-ஆவது வயதில் மறைந்த ஃபாலி எஸ். நாரிமனுக்கு அந்த அளவுகோல் போதாது.

ரங்கூனில் பிறந்து, 1950-இல் மும்பையில் தொழிலைத் தொடங்கிய அவர், 1972-இல் மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாகத் தில்லிக்கு வந்தார். 1975 ஜூனில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டதும் பதவியைத் துறந்தார். நர்மதை அணை வழக்கில் குஜராத் அரசுக்காக வாதாடி வந்த அவர், 1998-இல் அம்மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

காவிரி வழக்கில் பல ஆண்டுகள் கர்நாடகத்தின் குரலாக ஒலித்தவர் அவர். அதே நாரிமன்தான் 2014-இல் ஜெயலலிதாவுக்கு ஜாமீன் கோரியும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். கட்சிக்காரரின் நலன் வேறு, வழக்கறிஞரின் சொந்த விருப்பு வெறுப்பு வேறு என்பதே தொழில் தர்மம். ஆனால், தண்ணீர் திறக்குமாறு பிறப்பிக்கப்பட்ட உத்தரவைக் கர்நாடகம் நிறைவேற்றாதபோது, 2016 செப்டம்பர் 30-ஆம் தேதி, அம்மாநிலத்துக்காக மேற்கொண்டு வாதாடப் போவதில்லை என்று உச்ச நீதிமன்றத்திலேயே அவர் அறிவித்தார். தமிழகத்தின் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடமிருந்து எழுந்த அந்த மறுப்பைத் தமிழர்கள் மறந்துவிடலாகாது.

அவர் குறைகளற்றவர் அல்லர். போபால் விஷவாயு வழக்கில் யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காக அவர் வாதாடினார். 1989-இல் 47 கோடி டாலரில் முடிந்த அந்தச் சமரசம் பாதிக்கப்பட்டோரின் காயத்தை ஆற்றவில்லை. அந்த வழக்கை ஏற்றது தவறு எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். நீதிபதிகள் நியமனத்தில் நீதித்துறைக்கு முதலிடம் பெற்றுத் தந்த 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர் வாதாடி வென்றது. அதில் தோற்றிருக்கலாம் என்று தமது சுயசரிதையில் எழுதியவரும் அவரே.

உரிய கட்டணம் தருவோரின் வழக்கை ஏற்க வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. சிறப்புக் காரணங்கள் இருப்பின் மறுக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடைக்காமல் போவது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால், அதிகாரமும் கருவூலமும் கையில் உள்ள அரசு, நீதிமன்ற உத்தரவையே மதிக்காதபோது, அதற்காக வாதாட மறுப்பது யாருடைய உரிமையையும் பறிப்பதாகாது.

அரசுகளுக்கு வாதத்திறன் மிக்க வழக்கறிஞர்கள் எப்போதும் கிடைப்பார்கள். "இது தவறு, இதற்காக வாதாட மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள்தான் அரிது. நாட்டுக்கு இன்று தேவைப்படுபவர்களும் அவர்களே.