விரலைக் காத்தால் காலைக் காக்கலாம்

நீரிழிவு சுகவாசிகளின் வியாதி என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இவ்வியாதியால் பீடிக்கப்பட்டிருக்கின்றனர். திண்டிவனத்தில் மணிலாக்கொட்டை பயிரிடுவோரும் விழுப்புரத்தில் மூட்டை சுமப்போரும் இதற்கு விலக்கல்ல.

வியாதி நாட்பட்டால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. பாதத்திலுள்ள சிறு தசைகள் நலிகின்றன. விரல்கள் பறவையின் நகம்போல் மடங்குகின்றன. அடியெடுத்து வைக்குந்தோறும் உடலின் பாரம் விரல்நுனியில் விழுந்து, அவ்விடம் காய்த்து, காய்ப்பின் அடியில் புண் உண்டாகிறது. வலி இல்லாமையால் அதை எவரும் கவனிப்பதில்லை. புண் எலும்பை எட்டினால் விரல் போகிறது. சில சமயம் காலும் போகிறது. உழைத்துப் பிழைக்கும் ஒருவனுக்குக் கால் போனால், குடும்பத்தின் அடுப்பே அணைந்ததென்று கொள்ளவேண்டும்.

புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டினால் மட்டும் போதாது. விரலின் வளைவு நீங்காதவரை ஆறிய புண் மீண்டும் வரும். கையால் நிமிர்த்தக்கூடிய விரலாயின், அவ்விடம் மரத்துப்போக மருந்து செலுத்தி, விரலை மடக்கும் தசைநாணை ஓர் ஊசியாலோ சிறு கத்தியாலோ துண்டிக்கலாம். நோயாளி அன்றே வீடு திரும்பலாம். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச நிபுணர் குழு 2023-இல் வெளியிட்ட விதிகள், இத்தகைய புண்ணுக்கு இந்த ரணசிகிச்சையையே சிபார்சு செய்கின்றன. எனினும் இரத்த ஓட்டம் குன்றிய காலுக்கும் விறைத்துப்போன விரலுக்கும் வேறு யோசனை வேண்டும். பாரம் பக்கத்து விரலுக்கு மாறிப் புதுப் புண் தோன்றவுங்கூடும். ஆதலால் தேர்ந்த வைத்தியரே இதைச் செய்யவேண்டும்.

இதன் அடிப்படைத் தத்துவம் நமக்குப் புதிதன்று. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு, உணர்வற்ற இடத்தில் ஓயாது விழும் பாரமே காரணமென்று எடுத்துக்காட்டினார். தசைநாண்களை மாற்றித் தைத்து, மடங்கிய கைவிரல்களை நிமிர்த்தினார். வேலூரில் அன்று தெளிந்த உண்மை, விழுப்புரம் ஜில்லாவின் ஒவ்வொரு கிராமத்துக்கும் எட்டவேண்டாமா?

முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. திண்டிவனத்திலும் அரசினர் ஆஸ்பத்திரி உண்டு. இவ்விரண்டிலும் நீரிழிவு மாத்திரைக்காக வரும் ஒவ்வொருவரின் பாதமும் விரல் விரலாகப் பரிசோதிக்கப்படவேண்டும். தகுதியுள்ளோர்க்கு இச்சிகிச்சை தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுதோறும் மாத்திரை கொண்டுசெல்லும் ஊழியர்கள், பாதத்தையும் பார்ப்பதை நியமமாகக் கொள்ளவேண்டும். சர்க்கார் இதில் சிரத்தை கொள்ளுமாறு வற்புறுத்துகிறோம்.

பொதுஜன ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் செய்யட்டுமென்று காத்திராமல், உங்கள் வீட்டுப் பெரியோரின் பாதங்களை இன்றே வெளிச்சத்தில் பாருங்கள். பெரியோர் பாதத்தைத் தொட்டு வணங்கும் நாம், அப்பாதத்தைத் திருப்பிப் பார்க்கவும் கற்றுக்கொள்வோமாக.