குளிர்மேல் போடும் பழி

மலேசிய மலையூரான பிரிஞ்சாங்கில் கால் வலிக்கிறது என்றால் காரணம் கேட்கவே வேண்டாம். குளிர், மேட்டு நடை, வயது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஊர், தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிய கால்கள். தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்பார்கள். நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரகம் என்ற இன்னொரு காரணமும் உண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. சிறுநீரகச் செயலிழப்புக்கு இங்கே முதல் காரணமும் அதுதான்.

மிஞ்சிய பாஸ்பேட்டை வெளியேற்றுவதும், வைட்டமின் டிக்குக் கடைசி வடிவம் தருவதும் சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து அதை உருவி ஈடுகட்டும். "மலையில் வெயில் இல்லை, அதான்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. வெயில் காய்ந்தாலும் வைட்டமின் டியின் மீதி வேலையைச் செய்யச் சிறுநீரகம் வேண்டும்.

சேதம் விசித்திரமான இடங்களில் தெரியும். கை எக்ஸ்ரேயில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், நடு எலும்பின் கட்டைவிரல் பக்க ஓரம் பூச்சி அரித்த கொழுந்துபோல் பிசிறடித்திருக்கும். முற்றினால் தாடையில் பழுப்புக் கட்டி வரலாம். புற்றுநோய் அல்ல, ஆனால் அப்படித்தான் பயமுறுத்தும். பெரிய அடி எதுவும் படாமலே தொடைத் தசைநாண் அறுந்தவர்களும் உண்டு. சுரப்பியை மருந்தால் அளவுமீறி அடக்கினாலும் ஆபத்துதான்; எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது ஏறக்குறைய நின்றுபோகும். (தேயிலையும் முழுச் சாதுவல்ல. அதிலுள்ள ஃபுளோரைடை வெளியேற்றுவதும் சிறுநீரகமே. நாளுக்கு நூறு தேநீர்ப் பைகளுக்கு மேல் ஊறவைத்துப் பல ஆண்டு குடித்த அமெரிக்கப் பெண்ணின் எலும்பு கெட்ட கதை 2013இல் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு மூன்று கோப்பைக்காரர்கள் பயப்பட வேண்டாம்.)

2017இன் பன்னாட்டு வழிகாட்டி, சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையிலேயே கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் கண்காணிக்கச் சொல்கிறது. நம் வீடுகளிலோ டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் எலும்புப் பேச்சு எழுவதில்லை. பாஸ்பேட்டுக்காகத் தரும் கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிற்றில் உணவோடு கலந்தால்தான் பாஸ்பேட்டைப் பிடிக்கும். மாலையில் நினைவு வந்து வெறும் வயிற்றில் விழுங்கினால் அந்த வேலை நடக்காது. இதை நோயாளிக்கு அவர் மொழியில், உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். புது இயந்திரம் வாங்குவதைவிட அது மலிவு.

கடையில் கேட்டு வாங்கும் பல வலி மாத்திரைகள் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருந்தால், அடுத்த மாத்திரைக்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள். தானா ராத்தா அரசு மருத்துவமனை பிரிஞ்சாங்கிலிருந்து சில கிலோமீட்டர்தான்.