உடைந்த இண்டிகேட்டர் கிளாஸ் யாருக்கு நட்டம்?

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோடு ரமணாசிரமத்தைத் தாண்டி வரும் கிரிவலக்காரர்கள், ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்பி மலையைச் சுற்றும் பாதைக்குள் நுழைய வேண்டும். இடது ஓரமாகவே நடந்து வந்தவர்கள் அங்கே சாலையைக் கடக்கிறார்கள். எதிரே செங்கம் பக்கமிருந்து ஒரு கார் வருகிறது. அது நேராக ஊருக்குள் போகுமா, இடப்பக்கம் ஒடித்துக் கிரிவலப் பாதைக்கே வருமா? வெறுங்காலோடு நிற்பவருக்கு அதைச் சொல்ல, காரின் முன்பக்க இடது இண்டிகேட்டரை விட்டால் வேறெதுவும் இல்லை. ஓட்டுகிறவருக்குத் தன் வழி தெரியும். விளக்கு அவருக்கானதே அல்ல. ஆகவே அதன் கிளாஸ் உடைந்தால் மாற்றுவதா, அப்படியே ஓட்டுவதா என்பதை வண்டிக்காரரின் வசதியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி.

பல்ப் எரிகிறதே, அது போதாதா என்பார்கள். போதாது. மாருதி 800, அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகள் பலவற்றில் பல்ப் வெள்ளை, நிறம் கிளாஸில்தான் இருக்கிறது. கிளாஸ் போனால் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை வெளிச்சம் கண்சிமிட்டும், அவ்வளவுதான். இரவில் அது கண்ணிலேயே படாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தைக் கேட்பது சும்மா இல்லை. கிளாஸின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் வரிவரியாக இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விரித்து, ஓரத்தில் நிற்பவர் கண்ணுக்கும் கொண்டுபோவது அந்த வரிகள்தான். செல்லோ டேப் அந்த வேலையைச் செய்யாது, மழையையும் தடுக்காது. தீபத் திருவிழா வருவதே அடைமழைக் கார்த்திகையில். விரிசல் வழியே இறங்கும் தண்ணீரில் ஹோல்டர் பச்சை பூத்து, எர்த் விட்டுப்போய், ஒருநாள் பல்பும் அணையும். பல வண்டிகளில் அப்போது மிச்சமிருக்கும் பின்பல்ப் படபடவென்று வேகமாக அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டும் 'வேலை செய்கிறது' என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு!

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளைக் கட்டுப்படுத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த 14 கிலோமீட்டரை மற்ற நாளிலும் விடியற்காலையில், நள்ளிரவில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்; அன்றைக்கு ஆட்டோவும் காரும் அதே பாதையில்தான். திரும்பும்போது இங்கே யார் இண்டிகேட்டர் போடுகிறார்கள் என்ற கேலியிலும் உண்மை இருக்கிறது. ஆனால் போடாத பழக்கத்தைத் திருத்த வேண்டுமானால், போட்டால் எரிகிற விளக்கு முதலில் வேண்டும்.

பணம் பற்றிய ஆட்சேபம் மட்டும் நியாயமானது. பழைய வண்டிக்கு இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் கிளாஸ் கையோடு வந்துவிடும்; சில நிமிட வேலை. இன்றைய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் ஹெட்லைட்டோடு ஒட்டிப் பிறந்தது. கட்டைவிரல் அளவு விரிசலுக்கு முழு செட்டையும் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கச் சொன்னால் யார்தான் தள்ளிப்போட மாட்டார்கள்? உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடவில்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022இல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு அமைத்தபோது மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. அந்த உரிமையின் முதல் சோதனையாக, விளக்கின் கிளாஸைத் தனியே விற்கச் சொல்லலாம்.

அதுவரை மாவட்ட நிர்வாகம் ஒன்று செய்யலாம். சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகள் எஃப்.சி. கிடையாது, விளக்கை யாரும் பார்ப்பதில்லை. தீபத்துக்கு ஊருக்கு வெளியே தற்காலிக வாகன நிறுத்தங்கள் போடுகிறார்களே, அங்கே மணிக்கணக்கில் வண்டிகள் சும்மாதான் நிற்கின்றன. வாசலில் நுழையும்போதே இண்டிகேட்டரைப் போடச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு மெக்கானிக்கும் ஒரு பெட்டி பல்பும் இருந்தால் அபராதச் சீட்டுக்கே தேவையிருக்காது.