ஆலை வாயிலில் நின்ற தமிழ்

தொழிற்சங்க வரலாறு தமிழ் கற்போர்க்கு எதற்கு என்று என் மாணவர் சிலர் வினவுவதுண்டு. சங்கம் என்றதும் மதுரையையும் பாண்டியரையும் நினைந்து பழகியவர் நாம். அச்சொல் சென்னைப் பெரம்பூரின் ஆலைத் தொழிலாளர் வாயில் வேறொரு பொருள் பெற்ற வரலாறு நம் பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. அவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதை அறிந்தோர் இன்னும் சிலரே.

புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கியவர், தமிழகராதி தொகுத்தவர். அவர்பால் தமிழ் பயின்றவருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். ஆசிரியரின் வழக்கொன்றின் பொருட்டு நீதிமன்றம் சென்றமையால் பள்ளித் தேர்வையே இழந்த மாணவர் அவர். 1907இல் ஆசிரியர் மறைந்தபின் அவரது வரலாற்றை நூலாக்கினார். பின்னாளில் அதே கல்லூரியில் தாமும் தமிழாசிரியரானார். 1917இல் அப்பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்துப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு ஆலைகள் இருந்தன. வேலை நேரமோ நெடிது. நண்பகலில் உண்ணக் கிடைத்த இடைவேளையோ மிகக் குறுகியது. ஆலைக்கு அணித்தே வாணிகம் செய்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்றொரு சமயச் சபையை நடத்தி வந்தனர். பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர் தம் குறைகளையும் அங்கே கூறலாயினர். வணிகர் இருவரும் அக்குறைகளை அன்னி பெசண்ட் அம்மையாரின் துணைவர் பி. பி. வாடியாவிடம் கொண்டு சென்றனர். இவ்வாறு 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனைக் கூறுவர். வாடியா தலைவரானார், திரு. வி. க. துணைத் தலைவருள் ஒருவரானார்.

தமிழாசிரியர் ஈண்டு ஒன்று கருதல் வேண்டும். வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி, ஆங்கிலத்தில் வல்லவர். கேட்டு நின்றவரோ தமிழும் தெலுங்கும் பேசிய ஏழை மக்கள். கூலி, வேலை நேரம், உரிமை என்பவற்றை அவர்க்கு விளங்க உரைக்கும் தமிழ் அன்று வேண்டப்பட்டது. இலக்கணமும் சித்தாந்தமும் கற்ற ஒருவர் அத்தமிழை மேடையிலும் இதழிலும் வழங்கினார். அதனால் தமிழின் பெருமை குன்றவில்லை. அதன் ஆற்றல் வளர்ந்தது. இன்று நாம் எழுதும் உரைநடையும் பேசும் மேடைத்தமிழும் அவ்வாலை வாயிலுக்குக் கடன்பட்டவை.

ஆனால் இவ்வரலாறு வெற்றிக் கதை மட்டுமன்று. 1920இல் ஆலை முதலாளிகள் சங்கத் தலைவர்மீது வழக்குத் தொடுத்தனர். அதன் விளைவாக வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலக நேர்ந்தது. சங்கங்களுக்குச் சட்டக் காவல் தந்த இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926இலேயே வந்தது. இடையில் 1921இல் நிகழ்ந்த பெரிய வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன.

பிரிந்து நின்றோரைப் பழித்தல் எளிது. நான் அங்ஙனம் பழிக்க ஒருப்படேன். தெருவில் ஒருவனை ஒதுக்கி வைத்துவிட்டு ஆலை வாயிலில் மட்டும் தோழனே என்று அழைத்தால், அவன் எங்ஙனம் நம்புவான்? பல நாள் பட்டினியை எல்லோரையும் போல் தாங்க அவனிடம் இருந்த கையிருப்புத்தான் என்ன? முதலாளியின் வன்மையினும் நம்முள் இருந்த பிளவே அச்சங்கத்தை மிகுதியும் நலிவித்தது என்பது என் துணிபு.

இப்பாடம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தன் ஆலய வாயிலில் வழிபட வந்தோர் தடுக்கப்பட்டதை நம் முதியோர் அறிவர். தமிழர் ஒற்றுமை என்று மேடையில் முழங்கும் நாம், அவ்வொற்றுமையை முற்றத்திலும் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் காட்டினோமா என்று வினவிக்கொள்ளல் வேண்டும்.

1996இல் பெரம்பூர் ஆலைகள் மூடப்பட்டன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைப் போர் நிறுத்திவிட்டது. ஆலைகள் அழிந்தாலும் அங்கு உழைத்தோரின் நினைவு அழியலாகாது. சுருட்டுச் சுற்றியோர், கள்ளிறக்கியோர், சீமெந்துத் தொழிற்சாலையில் உழைத்தோர் ஆகியோருள் முதியோர் சிலர் இன்றும் நம்மிடையே உளர். அவர் பேச்சில் எந்த அகராதியும் ஏறாத தொழிற்சொற்கள் பல வழங்குகின்றன.

ஆசிரியப் பெருமக்களே, விடுமுறை நாளில் மாணவரை அம்முதியோரிடம் அனுப்புங்கள். அவர் கூறுவதை அவர் மொழியிலேயே எழுதி வரச் செய்யுங்கள். இலக்கிய வட்டங்கள் ஆண்டுக்கு ஓர் அமர்வையேனும் அவற்றை வாசிக்க ஒதுக்குக. அகராதி தொகுத்த புலோலிப் புலவர்க்கும், அவர்தம் மாணவர்க்கும் நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.