சைக்கிளுக்கு இடம் இருக்கு, செல்லோவுக்கு?

1/ "ஐரோப்பாவுக்குள்ள விமானம் வேண்டாம், ரயில்ல போங்க"ன்னு அறிவுரை சொல்றவங்க, செல்லோவும் பெட்டியுமா ஒரு தடவை ஏறிப் பாருங்க.

2/ அங்கே நடைமேடைக்குப் பொது உயரமே இரண்டு: 55 செ.மீ., 76 செ.மீ. பல ரயில்களில் தளம் இன்னும் உயரம். படியில் நின்று, உடம்பைத் திருப்பி 25 கிலோவைத் தூக்கினால் அடி வாங்குறது முதுகு டிஸ்க். டாக்டரா சொல்றேன்.

3/ யூரோஸ்டாரில் பெட்டிக்கு நீள வரம்பு 85 செ.மீ. செல்லோ பெட்டியோ 120-ஐத் தாண்டும்.

4/ புதுசா வாங்குற ரயில்களில் பொதுவா குறைந்தது 4 சைக்கிளுக்கு இடம் வேணும்னு 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது. நல்ல விஷயம். இசைக்கருவிக்கு?

5/ "சுமையைக் குறைங்க"ன்னு உபதேசிக்காதீங்க. அந்தக் கருவிதான் அவங்களுக்குச் சோறு. படியைத் தாழ்த்துங்க, இடம் ஒதுக்குங்க.