இரண்டு சாண் துணிக்கு இவ்வளவு காசா?



போன கிழமை நம்மூர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு படம் வந்தது. மூட்டு மூட்டாக அசையும் ஜப்பானியப் பொம்மை ஒன்று, பழைய காலத்து ஐரோப்பிய இளவரசி போல உடுத்திக்கொண்டு நின்றது. கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புப் பட்டி, மணி கோர்த்த சட்டை, நிலம் தொடும் பாவாடை. கீழே அந்த உடுப்பின் விலை டொலரில் போட்டிருந்தது.

"இரண்டு சாண் துணிக்கு இவ்வளவு காசா?" என்றார் ஒருவர். "வேல இல்லாதவங்கட வேல" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நேரே ஹராம் என்றே முடித்துவிட்டார்.

படத்தைப் போட்டது என்னிடம் மனைப்பொருளியல் படித்த ஒரு பிள்ளை. "நானும் இப்படித் தைக்கப் பழகுறேன்" என்று ஆசையாக எழுதியிருந்தாள். பதில்களைப் பார்த்ததும் படத்தை அழித்துவிட்டாள். "மெஷினை மூடி வை" என்று உம்மாவும் சொல்லிவிட்டாராம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பொம்மை என்று சொல்லிவிடுகிறேன். 1999இல் ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் 'சூப்பர் டோல்ஃபி' என்ற பெயரில் இவற்றை விற்கத் தொடங்கியது. பிறகு கொரியாவில் பல நிறுவனங்கள் வந்தன. ரெசினில் வார்த்த உறுப்புகளை உள்ளே இலாஸ்டிக் கயிறு ஓடவிட்டு இணைத்திருப்பார்கள். மூட்டுகள் பந்து போல உருண்டையாக இருப்பதால் உட்காரும், கை மடக்கும், தலை திரும்பும். கண்ணையும் முடியையும் மாற்றலாம். பெரிய அளவுப் பொம்மை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரம், அதாவது மனிதனில் மூன்றில் ஒரு பங்கு. பல நூறு டொலர் கொடுத்து வாங்குபவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். சின்னப் பிள்ளைகள் தரையில் போட்டு விளையாடும் சாமான் அல்ல இது.

இனி அந்த இரண்டு சாண் துணிக்கு வருவோம்.

பொம்மையை மூன்றில் ஒன்றாகச் சுருக்கலாம். துணியின் தடிப்பைச் சுருக்க முடியாது. நாம் அபாயாவுக்கு ஒரு சென்ரிமீற்றர் மடித்து அடிக்கும் விளிம்பு, அந்தப் பொம்மையில் மூன்று சென்ரிமீற்றர் போலத் தெரியும். வெல்வெட் தைத்தால் கம்பளி சுற்றியது போல இருக்கும். பூப்போட்ட துணி என்றால் ஒரு பூவே நெஞ்சு முழுவதையும் மூடிவிடும். ஆகவே மெல்லிய பருத்தி, மெல்லிய பட்டு, மிகச் சிறிய பூ என்று தேட வேண்டும். அதுவும் போதாது. நம் உடம்பில் துணி தன் பாரத்தால் விழும். பொம்மையில் அதற்குப் பாரம் போதாது, பாவாடை குடை போல விரிந்து நிற்கும். அதைக் கீழே இறக்க ஈரம் காட்டி, ஒவ்வொரு மடிப்பாகக் குண்டூசி குத்தி, ஆவி பிடித்துக் காயவிடுவார்கள். சிலர் விளிம்புக்குள் மெல்லிய கம்பி ஓட்டுவார்கள், சிலர் மணி கோர்த்துப் பாரம் ஏற்றுவார்கள்.

கையை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தைக்கும்போது பக்கத்தை மூட்டிவிட்டு, வட்டமாகக் கையைப் பொருத்தலாம். இங்கே கைத்துவாரம் இரண்டு விரல் அகலம்தான், மெஷின் கால் உள்ளே போகாது. எனவே துணி தட்டையாகக் கிடக்கும்போதே கையைத் தைத்துவிட்டு, கைநுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் கண்ணில் குத்தும். உடுப்பு மூட்டுக்குள் சிக்காமலும் இருக்க வேண்டும், உட்காரும்போது முழங்காலில் இழுக்காமலும் இருக்க வேண்டும். இறக்கை வைத்த கற்பனைப் பாத்திரம் என்றால் முதுகில் திறப்பு. கொரியாவின் சூம் நிறுவனம் கொம்பும் குளம்பும் வைத்த பொம்மைகளே செய்திருக்கிறது. குளம்புக் காலுக்குக் காற்சட்டை வெட்ட எந்தப் பாடப்புத்தகத்தில் மாதிரி இருக்கிறது? தானே கடதாசியை உடம்பில் சுற்றி, கோடு போட்டு, வெட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

அந்தக் கழுத்துப்பட்டியை மட்டும் பாருங்கள். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய இடத்து ஆண்களும் பெண்களும் அணிந்தது. கழுத்துச் சுற்றளவைப் போலப் பல மடங்கு நீளமான மெல்லிய பட்டியை எடுத்து, கஞ்சி போட்டு விறைக்க வைத்து, 8 என்ற இலக்கம் வரிசையாக நிற்பது போல மடிப்பார்கள். மருதமுனைத் தறிகளில் பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமான வேலையாகத் தோன்றாது. பொம்மைக்குச் செய்யும்போது ஒவ்வொரு மடிப்பும் பென்சில் தடிப்பில் வரும். அத்தனையும் கைத்தையல்.

அந்த விலை இந்த மணித்தியாலங்களுக்கு. துணிக்கு அல்ல.

நமக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. பிடவைக் கடையில் மீற்றருக்கு எவ்வளவு என்று கேட்டுப் பழகிய நாம், தைக்கிறவளின் நேரத்துக்கு விலை கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா பெருநாளைக்கு இரண்டு நாள் கண் வலிக்க வலிக்க ஒரு அபாயாவுக்குக் கல் வைத்தார். கிடைத்த கூலியில் ஒரு கோழி வாங்க முடியவில்லை. அதே அபாயா கடையில் என்ன விலைக்குத் தொங்கியது என்பதை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வீட்டில சும்மா இருக்கிற நேரம் தைக்கிறதுதானே" என்பது கூலி கொடுத்தவரின் பேச்சு. பொம்மை உடுப்பைப் பார்த்து "வேல இல்லாதவங்கட வேல" என்பவரின் பேச்சும் இதுவும் ஒன்றுதான்.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. 1959இல் அமெரிக்காவில் பார்பி பொம்மை விற்பனைக்கு வந்தபோது அதன் குட்டி உடுப்புகளைத் தைத்தவர்கள் ஜப்பானில் வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்குத் தைத்த பெண்கள். உலகம் முழுக்கப் பேர்போன பெட்டியில் அவர்களுடைய பெயர் இல்லை. இன்று ஒரு பெண் தன் பெயரைப் போட்டு, தன் விலையைப் போட்டு பொம்மை உடுப்பு விற்கிறாள் என்றால், எனக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

வேறொரு காரணத்துக்காகவும் எனக்கு இதில் ஆர்வம். 2022க்குப் பிறகு, "மூன்று மீற்றர் துணி வாங்கி வா" என்று வகுப்பில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சில பிள்ளைகள் அந்தப் பாடவேளைக்கே வராமல் நிற்பார்கள். 1945இல் பாரிஸிலும் துணி இல்லை. யுத்தம் தின்றுவிட்டது. அங்குள்ள பெரிய தையல் நிலையங்கள் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் உயரத்தில் கம்பிப் பொம்மைகள் இருநூற்றுக்கும் மேல் செய்வித்து, புதிய உடுப்புகளை அவற்றுக்குத் தைத்துக் கண்காட்சி வைத்தன. யுத்த நிவாரணத்துக்குப் பணம் சேர்ந்தது, தொழிலும் மூச்சு விட்டது. அந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி இன்றும் அமெரிக்காவின் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துணி இல்லாத காலத்தில் கையின் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அவர்கள் கண்ட வழி நம் வகுப்பறைக்கும் பொருந்தும். சட்டை வெட்டும் கணக்கு முழுவதையும் ஒரு கைக்குட்டைத் துணியில் கற்றுக்கொடுக்கலாம்.

மார்க்க விஷயம். ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மை வைத்து விளையாடியது புகாரியில் வருகிறது. அபூதாவூதில் இன்னும் விவரமான அறிவிப்பு: பொம்மைகளுக்கு நடுவே துணித்துண்டுகளால் இரண்டு இறக்கை வைத்த ஒரு குதிரை. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று ஆயிஷா (ரழி) பதில் சொல்ல, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். முழு உருவமுள்ள இக்காலப் பொம்மைகளை வளர்ந்தவர்கள் வாங்கி வைப்பது பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே கேட்போம், வட்ஸ்அப்பில் ஒற்றைச் சொல்லில் தீர்ப்புக் கொடுக்க வேண்டாம். உடுப்புத் தைப்பவளுக்கு அந்தப் பொம்மை தேவையும் இல்லை. அளவுகள் இருந்தால் போதும். தலையில்லாத துணி உடல் ஒன்றைப் பஞ்சடைத்து, அதில் போட்டுப் பார்த்துத் தைக்கலாம்.

இதில் எல்லாரும் உழைத்து வீடு கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் பொம்மைக்கும் அளவு வேறு, வெளிநாட்டுக் காசை இங்கே எடுப்பதும் தலைவலி. நாலு உடுப்புத் தைத்தால் முதல் மூன்றும் விற்காது. ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் ஒரு உடுப்புக்கூடத் தைத்து முடிக்கவில்லையே, அதற்குள் மெஷினை மூடச் சொன்னால் எப்படி? அவளுடைய உம்மாவிடம் நான் பேசியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார்.

வரும் திங்கள் முதல் தரம் 10 பிள்ளைகளுக்கு இந்தச் சின்ன அளவில் சட்டை வெட்டப் பழக்கப் போகிறேன். அவளும் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பெருநாள் தையலில் மிஞ்சிய துண்டுத் துணி, ரேந்தை, பொத்தான் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். கறுப்பும் கடும் சிவப்பும் என்றால் இரண்டு முறை கழுவிவிட்டுத் தாருங்கள். சாயம் ரெசினில் ஒட்டினால் போகாது என்று அந்தப் பிள்ளை இப்போதே எச்சரித்துவிட்டாள்.